பசுமை நகரத்துக்குப் பரப்புரையும் பாடமும் உதவுமா?

வேளச்சேரிவாசி:
மழைநீர் சேகரிப்பு குறித்துப் பள்ளிகளிலும் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் பரப்புரை செய்ய எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் எண்ணுகிறது. இது பலன் தருமா, சுவரொட்டியோடு நின்றுவிடுமா என்பதை அனுபவமுள்ளோர் கூற வேண்டுகிறேன்.

நீர்ப்பொறியாளர்:
2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது, விளம்பரங்களுடன் சட்டமும் காலக்கெடுவும் சேர்ந்தே வந்ததால்தான் சென்னைவாசிகள் அசைந்தார்கள் என்பது என் கருத்து. அடுத்து வந்த நல்ல மழைகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் பராமரிப்பைப் பற்றி அதே உரத்த குரலில் எவரும் பேசவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்ட 2019 கோடையில், பல வீடுகளில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் வடிகட்டிக் குழிகள் மண் மூடிக் கிடந்தன. ஆகவே உங்கள் பரப்புரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரிலேயே, குழியைத் தூர்வாருவது எப்படி என்பதைக் காட்டட்டும். மழையின் பெருமையைப் பாட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், திரையரங்குகளில் சுற்றுச்சூழல் செய்திகளைக் கட்டணமின்றிக் காட்டவும், கல்வியில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவும் வழிகாட்டியது. பாடம் வந்தது, பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகவே படிக்கப்பட்டது. மாணவர்களைக் கொண்டு பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, வாயிற்பலகையில் எழுதச் செய்யுங்கள். பெற்றோர் அதை நின்று படிப்பார்கள்.

வேளச்சேரிவாசி:
நன்றி ஐயா. எங்கள் பகுதிப் பள்ளியில் திறந்த கிணறு இல்லை, ஆழ்துளைக் கிணறு மட்டுமே உள்ளது. அதில் அளக்க இயலுமா?

நீர்ப்பொறியாளர்:
இயலும். மோட்டாரைச் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் அளவுநாடாவை இறக்கி அளக்கலாம்.