திருநெல்வேலி டவுன் வீட்டுக்கு இன்னொரு ஏசி வேண்டுமா?

குழு: நெல்லையப்பர் துணை (குடும்பம்)

மதினி, காலை 8.12
[படம்: கரண்ட் பில்]
இந்தத் தடவை 612 யூனிட். ஏசி ஆச்சி அறையில் மட்டும்தான், அதுவும் ராத்திரி மட்டும்தான் ஓடுகிறது. இன்னும் சித்திரையே பிறக்கவில்லை.

பெரியப்பா, 8.15
மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் காலத்தில் நூறைத் தாண்டியதில்லை.

சின்ன அத்தை, 8.16
உங்கள் காலத்தில் வீட்டில் மூன்று பல்புதானே அண்ணே இருந்தது.

பெங்களூர் தம்பி, 8.31
இந்த வீட்டுச் சூட்டுக்கு ஒரே வழிதான். கூடத்துக்கு, அதுதான் நம் பட்டாசலுக்கு, ஒன்றரை டன் ஏசி ஒன்று, மேலே பால்ஸ் சீலிங். பாதிச் செலவு நான் தருகிறேன். அத்தான் என்ன சொல்கிறீர்கள்?

தென்காசி அத்தான், 9.05
சைட்டில் இருக்கிறேன். மத்தியானம் எழுதுகிறேன் மாப்பிள்ளை. அதற்குள் ஏசிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

பெரியப்பா, 9.06
[படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

தென்காசி அத்தான், மதியம் 1.40
இப்போது சொல்கிறேன். டவுன் வீடு வரிசை வீடு. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொது. அந்தச் சுவர்களில் வெயிலே படாது. மிச்சம் இருப்பது தெரு வாசல், பின்வாசல், தலைக்கு மேலே தட்டட்டி, அதாவது மொட்டைமாடித் தளம். நம் ஊருக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதனால் சூடு பெரும்பாலும் மேலேயிருந்துதான் இறங்குகிறது. அதை அடைக்காமல் கீழே ஏசி வைத்தால், தட்டட்டியைக் குளிரவைக்கத்தான் கரண்ட் பில் கட்டுவீர்கள்.

மதினி, 1.44
உண்மைதான் அண்ணே. நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மச்சைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

தென்காசி அத்தான், 1.52
அதுதான் பழைய தட்டட்டியின் குணம் தங்கச்சி. கட்டை போட்டு, சன்னச் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்த கனம். பகல் முழுக்க வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே விடும். பகலில் பட்டாசல் சுமாராகவும் ராத்திரி மோசமாகவும் இருப்பது இதனால்தான்.

பெங்களூர் தம்பி, 1.55
அதற்குத்தானே பால்ஸ் சீலிங் சொன்னேன்!

தென்காசி அத்தான், 2.03
கொஞ்சம் குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டையில் கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் இரண்டாம் கட்டில் ஒழுகியது நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பால்ஸ் சீலிங் இருந்திருந்தால் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்றே தெரிந்திருக்காது. சூட்டை வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே வந்த பிறகு மறைப்பதில் லாபம் குறைவு.

சின்ன அத்தை, 2.05
எங்கள் தெருவில் ஒருவர் மச்சில் தெர்மாகோல் ஒட்டியிருக்கிறார், நல்லா இருக்காம்.

தென்காசி அத்தான், 2.06
தீப்பிடித்தால் ரொம்ப நல்லா இருக்கும் அத்தை. வேண்டாம்.

நான், 2.10
அப்படியானால் மேலே என்ன செய்யலாம் அத்தான்? வெள்ளை டைல்ஸ்?

தென்காசி அத்தான், 2.21
புது காங்கிரீட் தளமாக இருந்தால் சரி என்பேன். இது மரக்கட்டை மேல் நிற்கிற தளம். ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு பூச்சு பூசி ஏற்கெனவே கனம் ஏறிக் கிடக்கிறது. இன்னும் ஏற்றக் கூடாது. வெள்ளையடித்தால் போதும். முதலில் கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும். மேலே பதித்த தட்டோட்டு இடுக்கில் வாய் திறந்திருக்கும் இடமெல்லாம் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்து அடைக்க வேண்டும். சிமெண்ட் வேண்டாம், பழைய சுண்ணாம்போடு சேராது, அடுத்த வெயிலில் ஓரம் விட்டுவிடும். அது காய்ந்த பிறகு, முதல் நாளே நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் கொஞ்சம் பெவிகால் கலந்து மூன்று கை. அடிப்பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. மழையில் கரையும், ஆகவே வருஷா வருஷம் மாசி, பங்குனியில் அடிக்க வேண்டியிருக்கும். கடையில் வெயிலைத் திருப்பி விடும் வெள்ளைப் பெயிண்டும் கிடைக்கிறது. விலை கூட, சில வருஷம் நிற்கும்.

பெரியப்பா, 2.30
சுண்ணாம்பே போதும்.

பெங்களூர் தம்பி, 2.31
பெரியப்பா எதைச் சொல்வார் என்று தெரியாதா என்ன 😄

மதினி, 2.48
ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அப்போ கூழ்வத்தலை எங்கே காயப் போடுவது?"

தென்காசி அத்தான், 2.50
வெள்ளைத் தரையிலும் தாராளமாகப் போடலாம், கீழே துணி விரித்தால் சுண்ணாம்பு ஒட்டாது. ஆச்சிக்கு என் நமஸ்காரம்.

நான், 2.55
மேற்கு பார்த்த வாசலுக்கு? மூன்று மணிக்கு மேல் வாசலை ஒட்டிய தார்சாவில் உட்கார முடியவில்லை.

தென்காசி அத்தான், 3.02
வெளிப்பக்கம் தட்டி கட்டுங்கள். மூங்கில் தட்டியோ, முரட்டுக் கோரைப்பாயோ போதும். உள்ளே திரை போட்டால் சூடு ஜன்னலைத் தாண்டி வந்த பிறகுதானே மறைக்கும்? சணல் கயிறு வேண்டாம், நல்ல கம்பியில் கட்டுங்கள். ஆனி, ஆடி மேல்காற்றில் பறந்துவிடும். தட்டட்டியில் பச்சை வலை கட்டலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், அதே காற்றுதான் பதில்.

சின்ன அத்தை, 3.04
பத்தமடைப் பாய் ஒன்று என் கல்யாணப் பாய் சும்மா இருக்கிறது.

மதினி, 3.05
அதைத் தொங்கவிட்டால் மாமா நம்மைத் தொங்கவிடுவார்.

தென்காசி அத்தான், 3.20
முக்கியமான ஒன்று. முற்றத்துக்கு மேலே பைபர் ஷீட் போட்டு நாலு பக்கமும் அடைத்திருக்கிறீர்களே, அதுதான் இந்த வீட்டின் மூக்கைப் பொத்தியிருக்கிறது. பழைய வீடுகளில் சூடான காற்று முற்றம் வழியாகத்தான் மேலே போகும். ஷீட்டை எடுக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் ஒரு அடி உயர்த்தி, இடைவெளியில் குருவி வலை அடித்துவிடுங்கள். சாரல் அடிக்காதபடி ஷீட் வெளியே நீண்டு இருக்கட்டும். ராத்திரி முன், பின் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் சூடு ஏறி வெளியே போகும். காலை எட்டு மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஆச்சிக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மதினி, 3.26
ஆச்சி சிரிக்கிறார்கள். "நான் சொன்னால் கேட்டீர்களா" என்கிறார்கள்.

பெங்களூர் தம்பி, 3.30
எல்லாம் சரி. ஆச்சி அறையில் ஏசி ஓடுகிறதே, அங்கேயும் ஜன்னலைத் திறந்து வைப்பதா?

தென்காசி அத்தான், 3.41
அங்கே மட்டும் நேர்மாறு. ஏசி இருக்கும் ஒரே அறையைத்தான் இறுக்க வேண்டும். தங்கச்சி, இன்று ராத்திரி ஏசியைப் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தி கொளுத்திக் கதவு ஓரமாக மெதுவாகக் கொண்டு போ. புகை எங்கே கலைகிறதோ அங்கே ஓட்டை.

மதினி, இரவு 9.48
பார்த்துவிட்டேன். இரட்டைக் கதவுக்கு நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது. அடியில் என் சுண்டு விரல். மேலே இருக்கும் வெண்டிலேட்டரில் கண்ணாடியே இல்லை, பழைய காலண்டர் அட்டை. ஜன்னல் பலகை இடுக்கிலும் புகை ஆடுகிறது.

பெங்களூர் தம்பி, 9.50
காலண்டர் அட்டையா!

மதினி, 9.51
2011.

தென்காசி அத்தான், 9.58
வெண்டிலேட்டருக்கு ஆசாரியை வைத்து ஒரு சட்டமும் கண்ணாடியும், தேவைப்படும்போது திறக்கிற மாதிரி. பலகை இடுக்கை மக்கு வைத்து (புட்டி) அடைக்கலாம். கதவு நடுவில் ரப்பர் பீடிங், அடியில் பிரஷ் பட்டை. அடுக்களைப் பக்கம் மட்டும் எதையும் அடைக்காதீர்கள், கேஸ் எரிகிற இடத்துக்குக் காற்று வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் போகாத பெயிண்ட் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு உதிரும். ஏசி எத்தனையில் இருக்கிறது?

மதினி, 9.59
20.

தென்காசி அத்தான், 10.01
26 வைத்து மின்விசிறியையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏசி மின்சாரம் ஆறு சதவீத அளவுக்கு மிச்சம் என்று ஸ்டார் முத்திரை கொடுக்கும் பி.இ.இ-யே சொல்கிறது.

பெங்களூர் தம்பி, 10.10
சரி, ஏசி யோசனையை விட்டுவிட்டேன். அப்போது என் பங்கு எதற்கு?

தென்காசி அத்தான், 10.19
மின்விசிறிக்கு. பழையது ஒன்று 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் போகும். பி.எல்.டி.சி என்கிற புது வகை மோட்டார் மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும், 27 யூனிட். ஒன்றுக்கு 40 மிச்சம். மூன்று மாற்றினால் 612-ல் 120 குறையும். 500-க்குக் கீழே வந்துவிட்டால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் குறைந்த விலைதான். தாண்டினால் அந்த நூறுக்கும் விலை கூடிவிடும். பில் திடீரென்று எகிறியது அதனால்தான் மாமா, மீட்டர் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

பெரியப்பா, 10.22
கணக்கு சரியாக வருகிறது. மூன்றையும் தம்பி வாங்கட்டும்.

பெங்களூர் தம்பி, 10.23
அப்படியே சோலாரும் போடலாமே? 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் தருகிறார்கள்.

தென்காசி அத்தான், 10.26
போடலாம், கட்டைகள் தாங்குமா என்று பார்த்த பிறகு. முதலில் செலவைக் குறை, மிச்சத்துக்குப் பேனல் போடு. எல்லாம் முடிந்தும் அடுத்த வெயிலில் பட்டாசலில் உட்கார முடியவில்லை என்றால் நானே வந்து உன் ஏசியை மாட்டித் தருகிறேன்.

மதினி, 10.30
கொத்தனாரிடம் பேசிவிட்டேன். புதன்கிழமை ஆறு மணிக்கே வருகிறாராம், வெயிலுக்கு முன்னால் தேய்த்து முடிக்க வேண்டுமாம். சுண்ணாம்பு யார் வாங்குவது?

பெரியப்பா, 10.31
நான் வாங்குகிறேன். எனக்குத்தான் நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு எது என்று தெரியும்.

தென்காசி அத்தான், 10.33
தங்கச்சி, ஆச்சி அறைக் கதவின் உயரமும் அகலமும் அளந்து போடு. பீடிங்கும் பிரஷ் பட்டையும் நான் தென்காசியிலேயே வெட்டி வாங்கி வருகிறேன்.

மதினி, 10.41
உயரம் ஆறே கால் அடி, அகலம் மூன்றரை. இடது பலகை கீழே கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அங்கே பட்டை அகலமாக வேண்டும்.