55 கிலோ கபடி: 400 கிராம் கூடுன பையனை விடலாமா? எடை எப்ப போடணும்?

கோரையாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்க ஒரு கிராமம் எங்களுது. காணும் பொங்கல் அன்னிக்கு ராத்திரி பள்ளிக்கூடப் பசங்களுக்கு மட்டும் 55 கிலோ பிரிவு கபடி நடத்துறோம். கமிட்டியில எடை போடுற பொறுப்பு என் தலையில. இந்த வருஷ நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும், அதான் இங்க கேக்குறேன்.

போன பொங்கலுக்கு நடந்தது இது. காலையில 9 மணிக்கு எடை. ஒரு டீமோட முக்கியமான ரெய்டர், பிளஸ் ஒன் படிக்கிற பையன், தராசுல ஏறுனான். 55.400. கூட வந்த கோச் சட்டை, டவுசரைக் கழட்டச் சொன்னாரு. 55.260. அரைஞாண் கயித்தைக் கூட அறுத்துப் பார்த்தாங்க, முள்ளு மாதிரி நிக்குது நம்பர், அசையல. உடனே பையனுக்கு மழைக்கோட்டை மாட்டி திடலைச் சுத்தி ஓட விட்டாங்க. திரும்பி வந்து நின்னப்ப உதடு வெடிச்சு வெள்ளையா இருக்கு. கையில ஒரு டம்ளர், அதுல எச்சியைத் துப்பிக்கிட்டே நிக்கிறான். பேச வாயத் தொறந்தா நாக்கு மேல்வாயில ஒட்டுது. "தண்ணி எப்பத் தம்பி குடிச்ச"ன்னு கேட்டேன். "நேத்து மத்தியானம்ணே"ங்கிறான்.

நான் தராசை அணைச்சுட்டேன். இனிமே உனக்கு எடை கிடையாது, மொதல்ல தண்ணியக் குடின்னு சொம்பை நீட்டுனேன். அவன் குடிச்ச வேகத்தை இன்னும் என்னால மறக்க முடியல.

அதுக்கப்புறம் திடல் ரெண்டாப் பிரிஞ்சுது. "மல்யுத்தத்துல வினேஷ் போகத்தையே 100 கிராமுக்கு வெளிய அனுப்புனாங்க, இவன் என்ன பெரிய ஆளா"ன்னு ஒரு பக்கம். "அந்தப் பொண்ணுக்கு நடந்ததே அநியாயம், அதை நீங்களும் செய்யணுமா"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவுல நான்.

இதைவிட என்னை உறுத்துறது வேற. காலையில 54.900 காட்டி ஜம்முனு தேறுன இன்னொரு பையன், ராத்திரி அரையிறுதிக்கு வந்தப்ப எதிர் டீம் மறுபடி எடை போடச் சொல்லுச்சு. சும்மா ஏத்திப் பார்த்தோம். 57.300. நோட்டீஸ்ல மறு எடைன்னு போடல, அதனால விளையாட விட்டோம். அதாவது காஞ்சு வந்து 260 கிராம்ல மாட்டுனவன் வெளிய, காஞ்சு வந்து தேறி மத்தியானம் பிரியாணி சாப்பிட்டவன் உள்ள. இது எந்த ஊரு நியாயம்?

அரை கிலோ சலுகை கொடுக்கலாமா? எடையை ஆட்டத்துக்கு முன்னாடி வச்சா சரியாப் போகுமா? எனக்கு கிராம் கணக்கு முக்கியமே இல்ல. பசங்க தண்ணி குடிக்காம வர்றது நிக்கணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மொதப் பாட்டு

அண்ணே, நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி. 400 விட்டா அடுத்த வருஷம் 800ல வந்து நிப்பாங்க. சலுகை கொடுத்த அன்னிலேர்ந்து 55 கிலோங்கிறது 55.500 ஆயிடும், அவ்வளவுதான். ஆனா எனக்கு ஒரு யோசனை. தனித்தனியா எடை எதுக்கு? ஏழு பேர் மொத்த எடை 385னு வச்சுடுங்க, 55 x 7. டீமுக்குள்ள அவங்களே கூட்டிக் கழிச்சுக்குவாங்க. நம்ம திருச்சணம்பூண்டி தர்மராஜ் சேரலாதன் நாப்பது தாண்டியும் புரோ கபடியில கார்னர்ல, அதாவது தடுப்பு வரிசையோட ஓரத்துல, நின்னு ஆளை அமுக்குனாரு. அது எடையில புடிச்சதா, டைமிங்ல புடிச்சதா?

பி.டி. வாத்தியார், நீடாமங்கலம் பக்கம்

மொத்த எடை யோசனை பள்ளிப் பசங்களுக்கு வேண்டாம் தம்பி. 46 கிலோ ரெய்டர் பாடிப் போவான், 68 கிலோ தடுப்பு ஆட்டக்காரன் வந்து இடுப்புல விழுவான். கழுத்து போனா யாரு பதில் சொல்றது? சேரலாதன் பெரியவங்க ஆட்டம் ஆடுனவரு, எலும்பு முத்துனவரு. சப் ஜூனியர்னா 16 வயசு, 55 கிலோ, 11க்கு 8 மீட்டர் களம்னு வச்சிருக்கறதே சின்ன உடம்பு சின்ன உடம்போட மோதணும்னுதான்.

கோரையாத்தங்கரை ஐயா, எடையை ஆட்டத்துக்கு ஒட்டி வச்சா பிரியாணி கேஸ் தீரும். தண்ணி குடிக்காம வர்ற கேஸ் தீராது. காஞ்ச உடம்போட அப்படியே களத்துல இறங்குவான், அது இன்னும் மோசம். மல்யுத்தத்தைப் பாருங்க. உலக அமைப்பு 2018லேர்ந்து போட்டி அன்னிக்குக் காலையிலதான் எடை போடுது, ரெண்டாம் நாளும் போடுது. அந்த விதியிலதான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வினேஷ் மாட்டுனாங்க. மொத நாள் ஜப்பானோட ஒலிம்பிக் சாம்பியன் சுசாகியையே சாய்ச்சு ஃபைனல் வரைக்கும் போயி, மறுநாள் காலையில 50 கிலோ 100 கிராம். ராத்திரி முழுக்க ஓடியிருக்காங்க, முடியை வெட்டியிருக்காங்க. கடுமையா விதி போட்டா யாரும் எடை குறைக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறது தப்புன்னு அதுலயே தெரியுது. என் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு நான் ஒண்ணுதான் சொல்றது: போன மாசம் என்ன எடையோ அந்தப் பிரிவுல ஆடு.

வலங்கைமான் டு பென்சில்வேனியா

வாத்தியார் சொன்னதோட தொடர்ச்சியா எழுதுறேன். என் பையன் இங்க ஹைஸ்கூல்ல மல்யுத்தம் பண்றான். முதல் வருஷம் அவனைக் கொண்டுபோய் விட்டப்ப எனக்கும் இதே பயம்தான், பட்டினி போட்டுருவாங்களோன்னு.

இங்க இந்த விதியெல்லாம் உயிரைக் கொடுத்து வந்தது. 1997 நவம்பர், டிசம்பர்ல அஞ்சு வாரத்துக்குள்ள மூணு காலேஜ் மல்யுத்தப் பசங்க எடை குறைக்கப் போய் செத்துட்டாங்க. ரப்பர் சூட்டைப் போட்டுக்கிட்டு சூடான ரூம்ல மணிக்கணக்குல பயிற்சி. உங்க ஊர் மழைக்கோட்டும் அதே வேலையத்தான் செய்யுது, படிச்சதும் எனக்குப் பகீர்னுது. அதுக்கப்புறம் காலேஜ்ல ரப்பர் சூட், நீராவி ரூம் எல்லாத்துக்கும் தடை. முந்தின நாளே போட்டுக்கிட்டிருந்த எடையை ஆட்டத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. 2006-07லேர்ந்து ஹைஸ்கூலுக்கும் நாடு முழுக்க எடைக் கட்டுப்பாட்டுத் திட்டம் கட்டாயம் ஆச்சு.

எப்படி நடக்கும்னா, சீசன் தொடக்கத்துல மொதல்ல யூரின் டெஸ்ட். உடம்புல தண்ணி சத்து இருக்கான்னு பார்ப்பாங்க. அடர்த்தி 1.025ஐத் தாண்டுனா அன்னிக்கு எடையே போட மாட்டாங்க, தண்ணி குடிச்சுட்டு இன்னொரு நாள் வான்னு அனுப்பிருவாங்க. தேறுனாத்தான் எடை, அப்புறம் உடம்புக் கொழுப்பு அளவு. பையனுக்கு 7 சதவீதம், பொண்ணுக்கு 12 சதவீதம், அதுக்குக் கீழ கொண்டு போற எடையில யாரும் ஆட முடியாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். பையன் 60 கிலோ, கொழுப்பு 12 சதவீதம். கொழுப்பு போக மிச்சம் 52.8 கிலோ. 7 சதவீதக் கொழுப்பாவது இருக்கணும்னா இந்த மிச்சம் 93 சதவீதமா இருக்கணும், அதனால 0.93ஆல வகுத்தா 56.8. அந்த சீசன்ல அவன் அதுக்குக் கீழ இறங்கவே கூடாது, 55 கிலோ ஆசையை அன்னிக்கே விட்டுற வேண்டியதுதான். 56.8க்கு இறங்கவும் வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாது. 60 கிலோவுக்கு அது 900 கிராம். அப்ப நாலு வாரம் ஆகும். ஒரு ராத்திரியில மழைக்கோட்டு போட்டு ஓடுற கதையே கிடையாது.

சண்டை இல்லாம இல்ல. கேலரில உக்காந்துக்கிட்டு "ஆடாம நேரத்தை ஓட்டுறான், எச்சரிக்கை கொடு"ன்னு நடுவரைப் பாத்துக் கத்தாத அப்பன் இங்க கிடையாது, நானும் அதுல ஒருத்தன். மாநிலத்துல நம்பர் ஒண்ணா இருக்கற ஒரு பையனைத் தவிர்க்கறதுக்காக எடைப் பிரிவை மாத்திக்கிட்டு ஓடுறான்னு பேச்சு வரும், சீசன் முழுக்க அதையே பேசுவாங்க. ஆனா ஒரு பையன் தண்ணி குடிக்கலாமா கூடாதாங்கிறதுல மட்டும் யாரும் வாதாடறது இல்ல.

ரெண்டு நாள் தொடர்ந்து போட்டி இருந்தா ரெண்டாம் நாளுக்கு ஒரு பவுண்டு, நம்ம கணக்குல 450 கிராம் சலுகை உண்டு. அதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிருவாங்க. தராசு முன்னாடி நின்னு பேரம் பேசிக் கிடைக்கறது இல்ல அது.

கோரையாத்தங்கரை

அண்ணே, அந்த 56.8 கணக்கைக் கமிட்டி வாட்ஸப்புல அப்படியே போட்டுட்டேன். ஆனா கிராமத்துல கொழுப்பு அளக்கற கருவிக்கு நான் எங்க போவேன்? முன்கூட்டியே எடை போடுறதுன்னா, பொங்கலுக்கு மூணு வாரம் முன்னாடி அவங்கவங்க பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார் எடை பார்த்து முத்திரை வச்சுக் கொடுக்கட்டும், அதுல 56.500க்கு மேல இருந்தா டீம்லயே சேர்க்கக் கூடாதுன்னு வைக்கலாமா? மூணு வாரத்துல ஒன்றரை கிலோ, சோத்தைக் குறைக்காம நொறுக்குத்தீனியை விட்டாலே இறங்கிரும்.

மொதப் பாட்டு

வாத்தியார் தன் பையனுக்குக் குறைச்சு எழுதிக் கொடுத்தா? நான் எல்லாரையும் சொல்லல. ஆனா வடுவூர்ப் பையன் 2025ல பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில தங்கம் வாங்கிட்டு வந்ததுலேர்ந்து நம்ம பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் கபடி வெறி ஏறிக்கிடக்கு. கப்புக்காக எதுவும் செய்வாங்க.

பி.டி. வாத்தியார், நீடாமங்கலம் பக்கம்

தராசு நம்பர் தெரியற மாதிரி பையனை நிக்க வச்சு போட்டோ, கூட இன்னொரு ஆசிரியர் கையெழுத்து. அதுக்கு மேலயும் பொய் எழுதுற வாத்தியார் இருந்தா போட்டி அன்னிக்கு எடையில தெரிஞ்சிரும். மூணு வாரத்துல நாலு கிலோ எப்படி ஏறுச்சுன்னு கேளுங்க.

லேப் டெக்னீசியன், திருத்துறைப்பூண்டி

என் மகனும் கார்னர் ஆடுறான், அதனால எழுதுறேன். யூரின் டெஸ்டுக்கு அமெரிக்கா போக வேண்டாம். எங்க லேப்ல தெனமும் போடுற பத்து கட்ட ஸ்ட்ரிப்லயே எஸ்.ஜி.ன்னு, அதான் யூரின் அடர்த்திக்கு, ஒரு கட்டம் இருக்கு. தண்ணி நல்லாக் குடிச்ச பிள்ளைக்கு அது கரும்பச்சையா நிக்கும். காஞ்சு போனா மஞ்சளா மாறி 1.030க்குப் போயிரும். டப்பா மேல வண்ண அட்டை ஒட்டியிருக்கும், முக்கால் நிமிஷத்துல ஒப்பிட்டுப் பார்த்துரலாம். புரதம் இருந்தா கொஞ்சம் ஏமாத்தும், அதனால அதை வச்சு மட்டும் யாரையும் வெளிய அனுப்பாதீங்க. மஞ்சள் வந்தா ரெண்டு டம்ளர் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து உக்கார வைங்க. நான் வேணும்னா அன்னிக்கு வந்து பார்த்துத் தர்றேன். உங்க போஸ்டைப் படிச்சதுலேர்ந்து எங்க வீட்டுல மேட்சுக்கு முந்தின நாள் இவன் எவ்வளவு தண்ணி குடிக்கிறான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்.

உரக்கடை

தராசைப் பத்தி யாரும் பேசல. திடல்ல மண்ணுல தராசை வச்சா ஒரு பக்கம் அமுங்கும். பிளாட்பார்ம் தராசுல ஓரமா வட்டக் கண்ணாடிக்குள்ள ஒரு குமிழி இருக்கும், அது நடுவுல நின்னாத்தான் சமம். இல்லேன்னா காட்டுற எடை நம்பறதுக்கு இல்ல. கடப்பாக் கல்லு ஒண்ணைப் போட்டு அதுமேல வைங்க. பையன் நட்ட நடுவுல நிக்கணும், ஓரத்துல நின்னாலும் வித்தியாசம் வரும். அந்த வருஷ முத்திரை இருக்கற தராசாப் பாருங்க. சில ஊர்ல டிஏபி உர மூட்டையை ஏத்தி 50 காட்டுதான்னு சோதிக்கிறாங்க, 50ங்கிறது உள்ள இருக்கற உரத்துக்கு, சாக்கு எடை தனி. அந்தச் சாக்கு ஒண்ணே உங்க 100 கிராம் சண்டைக்குப் போதும். எடைக்கல்லு நான் கொண்டு வர்றேன். எல்லா டீம் கேப்டனையும் நிக்க வச்சு கண்ணு முன்னாடி சோதிச்சுட்டு அப்புறம் பசங்களை ஏத்துங்க.

கோரையாத்தங்கரை

ராத்திரி கமிட்டி உக்காந்து பேசிட்டோம். நோட்டீஸ்ல இப்படிப் போகுது: மூணு வாரம் முன்னாடி பள்ளி எடைச் சான்று, 56.500க்குள்ள. காணும் பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் 4 மணிக்கு எடை, 5 மணிக்கு மொத ஆட்டம். எல்லாருக்கும் ஒரே மாதிரி 300 கிராம் சலுகை, அதுக்கு மேல ஒரு கிராம் கிடையாது. அரையிறுதிக்கு முன்னாடி மறு எடை, அதுல ஒரு கிலோ வரைக்கும் கூடலாம். ராத்திரிச் சாப்பாட்டை யாரும் பயந்து பயந்து சாப்பிடக் கூடாது. மழைக்கோட்டு, ஸ்வெட்டர் போட்டு ஓட வைக்கிற டீமுக்கு நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடையாது, ஆட்டமும் கிடையாது. இதுல ரெண்டு பேர் முறைச்சாங்க, நான் விட்டுக் கொடுக்கல.

சான்று ஒரு வருஷத்துக்கு டீம்களைக் குறைக்கும்னு பொருளாளர் கவலைப்படுறாரு. குறைஞ்சா குறையட்டும்.

லேப் அம்மா, உங்க நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க. உரக்கடை அண்ணே, எடைக்கல்லு 20 கிலோ மூணு இருந்தா நல்லது, நடு எடையிலயும் சோதிச்சுக்கலாம். வண்டி நான் அனுப்புறேன். அந்தப் போன வருஷப் பையன் இப்ப பிளஸ் டூ, 59 கிலோவாம். அவங்க ஊருக்கும் நோட்டீஸ் போகுது. 60 கிலோ பிரிவு ஒண்ணு சேர்க்கலாமான்னு கேட்டிருக்காங்க, அதுக்கு எத்தனை டீம் தேறும்னு தெரிஞ்சவங்க சொன்னா திங்கக்கிழமைக்குள்ள அதையும் சேர்த்துப் போட்டுரலாம்.