ஜோகன்னஸ்பர்க் நியூடவுன் மார்க்கெட் தியேட்டருக்கு வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

ரேண்ட்பர்க்காரன்:
அம்மா அப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா இளவட்டமாக இருந்தபோது திருவிழாவில் நாடகம் போட்டவர், அதனால் கேசினோ ஷோ எல்லாம் வேண்டாம், இந்த ஊரில் உருப்படியான நாடகக் கொட்டகை ஒன்றைக் காட்டு என்று பிடிவாதம். ஆபீசில் மார்க்கெட் தியேட்டரைச் சொன்னார்கள். ராத்திரி அந்தப் பக்கம் போகலாமா, காரை எங்கே விடுவது? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அது பழைய இந்தியர் சந்தை என்கிறார்களே, நிஜமா?

லெனேசியா அக்கா:
நிஜம்தான் தம்பி. 1913இல் கட்டிய இந்தியப் பழச் சந்தை அது. 70களின் நடுவில் மொத்த வியாபாரமும் சிட்டி டீப் என்ற பகுதிக்குப் போய்விட, காலியாகக் கிடந்த கட்டடத்தை நாடகக்காரர்களான பார்னி சைமனும் மேனி மேனிமும் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாடகம் ரஷ்ய எழுத்தாளர் செகாவுடையது, 1976 ஜூன் 21. சோவெட்டோவில் போராடிய கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது ஜூன் 16, நடுவில் ஐந்தே நாள், ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளையருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று சட்டம் போட்டிருந்த காலத்தில் இங்கே எல்லா நிறத்தவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள், மேடையிலும் அப்படியே சேர்ந்து நடித்தார்கள். அரங்குக்குள் போனதும் அப்பாவைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய சந்தையின் அடையாளங்களை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பிராம்ஃபான்டைன் மணி:
வரலாறு சரி அக்கா, அவர் கேட்டது பார்க்கிங். நியூடவுன் ஜங்ஷன் மால் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் விட்டால் நிம்மதி. தெருவில் விடாதீர்கள். கௌட்ரெய்ன் ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை வரலாம், ஆனால் அங்கிருந்து இருட்டில் நடக்க வேண்டாம், ஊபரோ போல்ட்டோ பிடித்து வாசலிலேயே இறங்குங்கள். என்னைக் கேட்டால் வார இறுதியில் பகல் காட்சி இருக்கிறதா என்று பார்த்து அதற்கே போகலாம், வயதானவர்களை வைத்துக்கொண்டு ராத்திரியில் எதற்கு வம்பு.

முழங்காலுக்கு: உள்ளே மூன்று அரங்குகள், ஜான் கானி, பார்னி சைமன், மேனி மேனிம். பார்னி சைமன் அரங்கை முன்பு ‘அப்ஸ்டேர்ஸ்’ என்றுதான் சொல்வார்கள், மாடி. டிக்கெட் எடுக்கும் முன்பே போன் போட்டு, எந்த அரங்கு, எத்தனை படி, உட்காரும் இடம் எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

லெனேசியா அக்கா:
மணி ரொம்பத்தான் பயமுறுத்துகிறார். மாலில் காரை விட்டு, முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தால் ராத்திரிக் காட்சிக்கும் போகலாம், நாங்கள் குடும்பமாகப் போய்க்கொண்டுதானே இருக்கிறோம். பகலில் போவதாக இருந்தால் பக்கத்து மியூசியம் ஆப்ரிக்காவையும் பார்த்துவிடலாம், அதுவும் பழைய காய்கறிச் சந்தைக் கட்டடம்தான். திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட்ஸ்பர்க் பையன்:
ஒன்று சொல்ல விட்டுவிட்டீர்கள். பாதி நாடகங்களில் ஜூலு, சோத்தோ, ஆங்கிலம் எல்லாம் கலந்து வரும். மேடையில் ஆட்டமும் பாட்டும் நிறைய இருக்கும் என்பதால் அப்பாவுக்குப் பிரச்சினை இருக்காது, ஆனால் பேச்சே பிரதானமான நாடகத்துக்குக் கூட்டிப் போனால் அம்மா தூங்கிவிடுவார். கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். லேட்டாக வருபவர்களை உள்ளே விடாத வழக்கம் உண்டு, அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். ஜூன், ஜூலை என்றால் இங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் கட்டாயம், திண்டுக்கல் குளிர் என்று நினைத்து வந்துவிடப் போகிறார்கள். முடிந்ததும் ஃபோர்ட்ஸ்பர்க்குக்கு வந்தால் பிரியாணி.

ரேண்ட்பர்க்காரன்:
ஞாயிறு பகல் காட்சி, கீழ்த்தள அரங்காக இருந்தால் போடுகிறேன். மணி அண்ணா, அந்த மால் பார்க்கிங் காட்சி முடிகிற வரை திறந்திருக்குமா?

பிராம்ஃபான்டைன் மணி:
பகல் காட்சிக்குக் கவலையே இல்லை. ராத்திரி என்றால் உள்ளே நுழையும்போதே காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.