இஞ்சி மிட்டாய்ப் பாகு: தெர்மாமீட்டர் காட்டும் சூட்டை நம்பலாமா?

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பக்கம் இருக்கிறேன். தீபாவளி ஆர்டருக்கு இஞ்சி மிட்டாய் போடுகிறேன். சீனி, தண்ணீர், கொஞ்சம் குளுக்கோஸ் சிரப், கேஸ் அடுப்பு, அடி கனமான சட்டி.

போன மாதம் ஆன்லைனில் ஊசி மாதிரி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். மைனஸ் 50 முதல் 300 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. 150 டிகிரி காட்டியதும் பாகை இறக்குகிறேன். மிட்டாய் உடையவில்லை, பல்லில் ஒட்டுகிறது. மழைக்கால ஈரம் என்று சொல்லிவிடாதீர்கள். இறக்கிய உடனே ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அதுவும் வளைகிறது. சொட்டு உடையாமல் வளைந்தால், பாகு 132க்கும் 143 டிகிரிக்கும் நடுவில்தான் நிற்கிறது என்று அர்த்தம்.

ஐஸ் தண்ணீரில் சரியாக 0 காட்டுகிறது. கொதிக்கும் தண்ணீரில் 103. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்க, இது கேமரன் மலை மாதிரி உயரமான இடம் இல்லையே, இங்கே 100ஐ ஒட்டித்தான் வர வேண்டும். பேட்டரி மாற்றினேன். ஊசி அடியில் படாமல் பிடித்தேன். பாகு ஆழமாக இருக்கட்டும் என்று சின்னச் சட்டிக்கும் மாறினேன். தம்பியின் இன்ஃப்ராரெட் துப்பாக்கி (தொடாமல் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர்) மேல்பரப்பை மட்டும்தான் அளக்கிறது. ஆவி வேறு, ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு. பாட்டி தண்ணீர்ச் சொட்டே போதும் என்கிறார். சரிதான், ஆனால் சொட்டுப் பார்ப்பதற்குள் அடுப்பில் பாகு கருகிவிடுகிறது.

100இல் 3 டிகிரி கூடக் காட்டும் இந்தக் கருவியில், பாகு உண்மையில் 150க்கு வர, திரையில் எத்தனை காட்டும்போது இறக்க வேண்டும்?