கலைச்சொல் தேவை: புது ஸ்விட்சின் 'டீஃபால்ட்', திங்களுக்குள்

காட்பாடியிலிருந்து:
அன்பர்களே, பாலிடெக்னிக் வலையமைப்பு ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கம்தான் நிற்கிறது: கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டியான ஸ்விட்சைப் புதிதாக மாட்டியதும் நாம் சொல்லாமலே அது வைத்திருக்கும் அமைவுகளும் அதனால் வரும் கோளாறுகளும். 'டீஃபால்ட்' என்பதற்கு 'இயல்புநிலை' என்று போட்டிருந்தேன். தலைப்பு 'எதிர்பாராத இயல்புநிலைகள்' என்றானது. இயல்பானது எப்படி எதிர்பாராதது ஆகும்?

சொல் வரும் இடங்களைப் பாருங்கள். இரண்டு சிஸ்கோ ஸ்விட்சுகளை இணைக்கிறோம். இருபுறமும் போர்ட் (கேபிள் செருகும் இடம்) 'டைனமிக் ஆட்டோ'வில் இருந்தால், மற்றது கேட்கட்டும் என்று இரண்டுமே காத்திருக்கும். பல விலான்களை (ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி வலையமைப்புகளை) ஒன்றாகக் கடத்தும் ட்ரங்க் இணைப்பு உருவாகாது, விலான் 1 மட்டும் போகும், விலான் 10 கணினிகள் அக்கரையை எட்டா. விளக்கு பச்சையாகவே எரிவதால் மாணவர்கள் கேபிளைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஐபி முகவரியை மாற்றி மாற்றிப் போடுவார்கள். இருபுறமும் 'ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்' கட்டளை கொடுத்தால் தீரும்.

அடுத்தது ஸ்பானிங் ட்ரீ, அதாவது ஸ்விட்சுகளுக்கிடையே தரவு ஓயாமல் சுற்றாதபடி காக்கும் ஏற்பாடு. கணினியைச் செருகியதும் போர்ட் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் கடத்தும். அதற்குள் டிஹெச்சிபியிடம் (ஐபி முகவரி வழங்கும் சேவை) கேட்டு ஓய்ந்துபோன கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைப் போட்டுக்கொள்ளும். கணினி செருகும் போர்ட்டில் மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட வேண்டும். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் போட்டால் சுற்று உண்டாகலாம்.

ஆற்காட்டிலிருந்து:
'முன்னிருப்பு' ஏற்கெனவே மென்பொருள்களில் புழங்குகிறது. புதிதாக எதற்கு?

ஆம்பூரிலிருந்து:
ஐயா, இருப்பு என்றால் இங்கே கடைச் சரக்கு, வங்கிக் கணக்கில் மீதி. காட்பாடி என்றதும் இருப்புப்பாதை நினைவுக்கு வரும். அந்த 'இருப்பு' இரும்பு. மென்றொடர் வன்றொடரானது, மருந்துப் பை மருத்துப்பை ஆனதுபோல. 'முன்' அதைவிடச் சிக்கல். முன்னாள் என்றால் கழிந்தது, முன்னேற்றம் என்றால் வரப்போவது. 'டீஃபால்ட் கேட்வே'யை 'முன்னிருப்பு நுழைவாயில்' என்று எழுதினால் வீட்டு முன்வாசல்தான் கண்ணில் நிற்கும்.

இயல்பு என்ற சொல்லில் குற்றமில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரமும் நேராத புணர்ச்சியை இயல்பு என்கிறோம். யாரும் கை வைக்காத ஸ்விட்சும் அப்படித்தானே? மாற்ற வேண்டியது தலைப்பை.

குடியாத்தத்திலிருந்து:
ஆம்பூர் அம்மா சொல்வது அழகு. ஆனால் மாணவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். ஸ்விட்சின் நடப்பு அமைவைக் காட்டும் 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கட்டளையை அடித்துப் பார்த்து, போர்ட்டின் கீழே வரி எதுவும் இல்லையே, எதுவும் அமைக்கப்படவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். டீஃபால்ட் மதிப்புகள் பெரும்பாலும் அங்கே தெரியா. 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு எழுத்தில் இல்லை, வேலை மட்டும் செய்கிறது. இதுவும் அதே தொகைதான். மேலே வெறும் மணல், ஒரு முழம் தோண்டினால் ஊற்று என்று பாலாற்றை அறிந்தவர்கள் நாம். எனவே 'கரந்தமைவு'. கரந்து நின்று வேலை செய்யும் அமைவு. கையேட்டில் 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக் ஆல்' கட்டளையையும் சேருங்கள். கரந்தவை வெளியே வரும்.

ஆரணியிலிருந்து:
முதலில் 'ஸ்விட்ச்' தமிழாகட்டும். ஈழத்தில் 'ஆளி' என்கிறார்கள்.

ஆம்பூரிலிருந்து:
ஆளி என்றால் யாளி. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கலியாண மண்டபத் தூண்களில் நிற்கிறது. ஸ்விட்ச் ஸ்விட்சாகவே இருக்கட்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து:
'கரந்தமைவு' என்று வகுப்பில் வாயால் சொன்னால் 'கறந்தமைவு' என்றே காதில் விழும். ரகர றகரம் பிரித்துச் சொல்பவர் இங்கே எத்தனை பேர்?

ஒரே சொல்லில் இரண்டு பொருளைக் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் கவலை. ஆலையிலிருந்து வந்த நிலை ஒன்று. நாம் எதுவும் சொல்லாதபோது ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளும் மதிப்பு இன்னொன்று. பழைய சிஸ்கோ ஸ்விட்சில் சேமித்த அமைவை அழிக்கும் 'ரைட் எரேஸ்' அடித்து ஸ்விட்சை மறுபடி தொடக்குங்கள். கடவுச்சொல், போர்ட் அமைவு எல்லாம் போயிருக்கும். ஆனால் விலான் பட்டியல் 'விலான்.டேட்' என்ற தனிக் கோப்பில் அப்படியே இருக்கும். 'டெலீட் ஃப்ளாஷ்:விலான்.டேட்' என்று அதையும் நீக்கினால்தான் ஆலை நிலை. நீக்காமல், விலான் பட்டியலை ஸ்விட்சுகளிடையே பரப்பும் விடிபியில் அதே குழுப் பெயரும், கூடுதல் திருத்த எண்ணும் (பட்டியலின் மாற்றங்களை எண்ணுவது) உள்ள ஸ்விட்சை ட்ரங்கில் மாட்டினால், ஆய்வகம் முழுவதன் விலான்களையும் அது தன் பட்டியலாக மாற்றிவிடும். ஒரே சொல் போட்டால் இந்த ஆபத்து மறையும். 'ஆலை அமைவு', 'முன்னமைவு' என்று இரண்டாகப் பிரியுங்கள்.

ஆற்காட்டிலிருந்து:
முன்னிருப்பை விட்டுக்கொடுக்கிறேன். முன்னமைவு சரி.

காட்பாடியிலிருந்து:
நேரமில்லை. ராணிப்பேட்டை சொன்னதற்கு ஆற்காடும் இசைந்ததால் 'முன்னமைவு', 'ஆலை அமைவு' இரண்டும் போகின்றன. முதலில் வருமிடத்தில் 'டீஃபால்ட்' என்று ஒருமுறை. தலைப்பு: 'புது ஸ்விட்ச்: சொல்லாமலே இருக்கும் அமைவுகள்'.

குடியாத்தத்திலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. முன்னமைவு என்றால் யாரோ முன்பே உட்கார்ந்து அமைத்தது. ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்சான 'வேரை' முடிவு செய்யும் பிரிட்ஜ் முன்னுரிமை (சிறிய எண்ணே வெல்லும்) 32768 என்பதை ஆய்வகத்தில் யார் அமைத்தார்? எல்லா ஸ்விட்சிலும் அதே எண் என்பதால் மேக் முகவரி (கருவியிலேயே பதிந்த எண்) சிறியதாக உள்ள ஸ்விட்ச் வேராகிறது, பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழையது. அந்தப் பத்தியில் மட்டுமாவது 'கரந்த' என்ற சொல்லை விடுங்கள். நடு ஸ்விட்சுக்கு முன்னுரிமையை 4096 ஆக்கும் படியும் அங்கே விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.