காலாவதியான நிர்வாக ஆணையைப் புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: மாந்தோப்புக்காரர், போச்சம்பள்ளி

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவும் அவருடைய கணவரும் அடுத்தடுத்து இறந்துவிட்டதால், அவர்களுடைய ஒரே மகனான என் மருமகன் எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். மாமா தம் உயிலில் சொத்து முழுவதையும் மகனுக்கே எழுதியிருந்தாரே தவிர, அதை நிறைவேற்ற வேண்டியவர் இன்னார் என்று யாரையும் குறிப்பிடவில்லை. ஆகவே 2016இல் கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, பையன் 18 வயது அடையும் வரை சொத்தை நிர்வகிக்கும் ஆணையை நான் பெற்றேன். வழக்கறிஞர்கள் இதை ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்கிறார்கள். சென்ற ஆண்டு அவனுக்கு 18 முடிந்துவிட்டது.

வங்கியில் மாமா பெயரில் ஒரு வைப்புத் தொகையும், சில நிறுவனப் பங்குகளும் இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன. வங்கியில் கேட்டால், “ஆணை காலாவதியாகிவிட்டது, புதுப்பித்துக் கொண்டு வாருங்கள்” என்கிறார்கள். எப்படிப் புதுப்பிப்பது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மாமா விட்டுச்சென்ற மாந்தோப்பில் உள்ள பெங்களூரா ரக மரங்களின் காய்ப்பை இந்தப் பருவத்துக்கு வியாபாரி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டு, அந்த ஒப்பந்தத்தில் வழக்கம்போல் நானே கையெழுத்திட்டிருக்கிறேன். அது செல்லுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், தருமபுரி

ஐயா, ஓட்டுநர் உரிமத்தைப் போலப் புதுப்பிக்கும் ஏற்பாடு இதற்குக் கிடையாது. தங்களுக்குக் கிடைத்தது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 244ஆம் பிரிவின்படி, சிறுவன் பெரியவனாகும் வரைக்கும் என்று வரம்பிட்டுத் தரப்பட்ட ஆணை. வரம்பு முடிந்த நாளிலேயே அதுவும் முடிந்துவிட்டது. அதை யாரும் ரத்துச் செய்ய வேண்டியதும் இல்லை, நீட்டிக்க இயலுவதும் இல்லை. இத்தகைய ஆணை காலம் முடிந்து காலாவதியான பிறகும் சொத்தில் ஒரு பகுதி நிர்வகிக்கப்படாமல் மீந்திருந்தால், முதலிலேயே யாருக்கு ஆணை வழங்கியிருக்கலாமோ அவருக்குப் புதிதாக வழங்க வேண்டும் என்று 260ஆம் பிரிவு சொல்கிறது. தங்கள் விஷயத்தில் அந்த நபர் தங்கள் மருமகன்தான். எனவே மனுதாரராக அவரே வர வேண்டும். தாங்கள் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும்.

முதலில் பழைய அசல் மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு நகல் மனுப் போட்டு, ஆணைக்கும் உயிலுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அசல் உயிலை வீட்டுப் பெட்டியில் தேடிக் கொண்டிருக்க வேண்டாம்; ஆணை வழங்கிய நீதிமன்றம் அதைத் தன் ஆவணங்களோடு வைத்திருக்கும். பழைய நீதிமன்றக் கட்டண விவரத்தையும் கையோடு எடுங்கள். ஒரே சொத்துக்கு முன்பே முழுக் கட்டணம் செலுத்தப்பட்டிருந்தால் அடுத்து வரும் ஆணைக்கு நிவாரணம் தரும் விதி கட்டணச் சட்டத்தில் உண்டு. கேட்காதவர்களுக்கு அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

பதில் 2: பெயர் குறிப்பிடாதவர், ஊத்தங்கரை

வைப்புத் தொகைக்கும் பங்குகளுக்கும் மட்டும் என்றால் எதற்கு இவ்வளவு பெரிய மனு? 372ஆம் பிரிவில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கினால் போதாதா? வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றே போதும் என்றும் எங்கள் ஊரில் சொல்கிறார்கள்.

பதில் 3: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

இந்த இரண்டு சான்றுகளையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் வங்கிப் படிகளை வீணாக ஏறி இறங்குகிறார்கள். வட்டாட்சியர் தருவது இறந்தவருக்கு யார் யார் வாரிசுகள் என்று காட்டுமே தவிர, அவருக்கு வர வேண்டிய கடனை (வங்கி வைப்புத் தொகையும் இதில் அடங்கும்) வசூலிக்கும் அதிகாரத்தைத் தராது. நீதிமன்றம் தரும் சான்றிதழ் அந்த அதிகாரத்தைத் தரும், ஆனால் கடன்களுக்கும் பங்கு போன்ற பத்திரங்களுக்கும் மட்டுமே, நிலத்துக்கு உதவாது. முந்தைய நிர்வாக ஆணை நடைமுறையில் இருக்கும்போது பெறும் சான்றிதழ் செல்லாது என்று 385ஆம் பிரிவு தடுக்கிறது. இங்கே ஆணையே முடிந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை. ஊத்தங்கரை நண்பர் சொன்ன வழியும் திறந்தே இருக்கிறது. இருந்தாலும் உயிலும் முந்தைய ஆணையும் இருக்கும்போது 260ஆம் பிரிவு மனுவையே நான் பரிந்துரைப்பேன். பின்னால் வேறொரு சொத்து வெளிப்பட்டாலும் அது அதே ஆணைக்குள் அடங்கும். சான்றிதழ் என்றால் அதில் எழுதாத ஒவ்வொரு பங்குக்கும் நீட்டிப்புக் கேட்டு அலைய வேண்டும்.

குத்தகையைப் பொறுத்தவரை, மருமகனுக்கு 18 முடிந்த பிறகு நிர்வாகி என்ற முறையில் தாங்கள் இட்ட கையெழுத்துக்கு அதிகாரம் இல்லை. ஒப்பந்தத்தை அவர் பெயரில் திருப்பி எழுதி அவரே கையெழுத்திடட்டும். அறுவடைக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்; விலை சரிந்த ஆண்டில் வியாபாரி இந்தக் குறையைத்தான் முதலில் பிடிப்பார். நீதிமன்றத்தால் காப்பாளர் நியமிக்கப்பட்டவனுக்கு 21 வயதில்தான் உரிமை வரும் என்று யாராவது சொன்னால், அது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். ஆணை பெற்ற ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் 317ஆம் பிரிவின்படி தாக்கல் செய்தீர்களா?

மாந்தோப்புக்காரர், போச்சம்பள்ளி

பட்டியல் கொடுத்தேன். கணக்கு கொடுத்ததாக நினைவில்லை. அப்போதைய வழக்கறிஞரும் கேட்கவில்லை. தோப்பு வரவு செலவை மட்டும் ஆண்டுதோறும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

அந்த நோட்டுகள் இருப்பது நல்லதாயிற்று. அவற்றைக் கொண்டு கணக்கைத் தயாரித்து, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதித் தாக்கல் செய்யுங்கள். அதன் பிறகு மருமகன் மனு போடட்டும். கணக்கு முடியாத வரை, சொத்தை ஒழுங்காக நிர்வகிப்பதாக அன்று தாங்களும் ஜாமீன்தார்களும் எழுதிக் கொடுத்த பிணைமுறியிலிருந்து விடுபட்டதாக எண்ண வேண்டாம். ஆனால் மனுவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். இத்தகைய மனுக்களுக்கும் காலவரையறைச் சட்டத்தின் 137ஆம் உறுப்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியிருக்கிறது. விண்ணப்பிக்கும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான்.

மாந்தோப்புக்காரர், போச்சம்பள்ளி

மிக்க நன்றி. திங்களன்று மருமகனையும் அழைத்துக்கொண்டு நகல் மனுப் போடச் செல்கிறேன். குத்தகைப் பத்திரத்தை நாளையே மாற்றி எழுதிவிடுகிறோம்.