"லுக்ட்" வந்தா "-லி" சேர்க்கணுமா, கூடாதா? அவசரம்

கொழிஞ்சாம்பாறை_அம்மா: மகளுக்கு டெஸ்ட் பேப்பர்ல தப்பு போட்டுட்டாங்க. லுக்ட் வந்த இடத்துல கேர்ஃபுல்னு எழுதியிருக்கா. லுக் லிங்கிங் வெர்ப் (இஸ், வாஸ் மாதிரி, ஆளையும் அவங்க எப்படி இருக்காங்கன்னு சொல்ற சொல்லையும் இணைக்கற வெர்ப்), பின்னால -லி வராதுன்னு டியூஷன்ல சொன்னாங்களாம். நாளைக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கணும். யார் சரி?

தென்மலைக்காரன்: உங்க மகதான் சரிங்க. "ஷி லுக்ஸ் டயர்ட்"னுதானே சொல்றோம்? டீச்சர்கிட்ட தைரியமா கேளுங்க.

வேலந்தாவளம்: முழு வாக்கியம் போடுங்க அக்கா. எந்தக் கிளாஸ்?

நன்னூலான்: வாக்கியமே இல்லாம கேட்கறதும், அதுக்குப் பதில் சொல்றதும்! இங்க பலமுறை சொல்லியாச்சு: வெர்பை எடுத்துட்டு வாஸ் வைங்க, பொருள் நின்னா லிங்கிங். இதுகூடத் தெரியாத டியூஷனுக்கா காசு கொடுக்கறீங்க?

கொழிஞ்சாம்பாறை_அம்மா: ஏழாம் கிளாஸ், தமிழ் மீடியம். "மீனா லுக்ட் ___ அட் தி மேப்."

வேலந்தாவளம்: அந்த "அட் தி மேப்"லதான் எல்லாமே இருக்கு! மீனா மேப்பைப் பார்க்கிறா, அது செயல். கேர்ஃபுல்லிதான் சரி.
நான் பசங்களுக்கு வாஸ் வைக்கச் சொல்றதில்லை. தமிழ்ல "பார்த்தா" வருதான்னு சொல்லிப் பார்க்கச் சொல்வேன். "டேஸ்டட் தி பாயசம்", ருசி பார்த்தா. "ஸ்மெல்ட் தி மில்க்", மோந்து பார்த்தா. "ஃபெல்ட் தி க்ளாத்", தொட்டுப் பார்த்தா. எல்லாம் செயல். ஆனா கெட்டுப்போன பால் எதையும் மோந்து பார்க்கலை, அதுதான் நாறுது. அதனால "தி மில்க் ஸ்மெல்ஸ் பேட்", பேட்லி இல்லை.
நம்ம பிள்ளைங்க தடுக்கி விழறது "-ஆ"வுல. கவனமா பார்த்தா, சோர்வா தெரிஞ்சா, ரெண்டுக்கும் நமக்கு ஒரே "-ஆ". இங்கிலீஷ்ல முன்னதுக்குத்தான் -லி.

சித்தூர்_தாலுகா: மலையாளம் மீடியம் பசங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. "அவன் என்டெ அனியன் ஆணு", இஸ் அப்படியே உட்கார்ந்திருக்கு. நாம "அவன் என் தம்பி"னு நிறுத்திடறோம். பிள்ளைங்க "ஹி மை பிரதர்"னு எழுதுது.

நன்னூலான்: அதைக் குறையாச் சொல்லாதீங்க. பெயரே பயனிலையா நிக்கும்னு தொல்காப்பியம் சொல்லுது.

சித்தூர்_தாலுகா: அப்போ "ஆகும்" எதுக்கு?

நன்னூலான்: பாடப்புத்தகத்துக்கு. உங்க வீட்ல யாராவது "இவள் என் மகள் ஆகும்"னு சொல்றாங்களா?

தென்மலைக்காரன்: அக்கா, மன்னிக்கணும், வாக்கியம் பார்க்காம சொல்லிட்டேன். சித்தூர் அண்ணா, ஆணு இஸ்ஸுக்குத்தான் உதவும். லுக், டேஸ்ட் வந்தா அந்தப் பசங்களும் யோசிச்சுதான் எழுதணும்.

கொழிஞ்சாம்பாறை_அம்மா: "பார்த்தா" வச்சே அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. டீச்சர் போட்டது சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். நன்றிங்க.

புளியரை: சவுண்டுக்கு "பார்த்தா" எப்படிங்க வரும்?

வேலந்தாவளம்: வராது. கேட்டுப் பார்த்தான்னா அது லிசன், வேற வார்த்தை. "தட் சவுண்ட்ஸ் குட்"னு -லி இல்லாம எழுதச் சொல்லுங்க.